காலரில் நாலு துளி

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

சில்வண்டு எழுதுவது. வந்து சேர்ந்து ஒன்பது நாள் ஆகிறது, இன்றுதான் எழுத உட்கார்கிறேன். 'உட்கார்கிறேன்' என்று எழுதும்போதே சுகமாக இருக்கிறது. கடையில் உட்காரக் கூடாது. கதவு திறந்ததிலிருந்து மூடும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். எங்கள் கவுண்டரில் ஒரு ஸ்டூல் இருக்கிறது, வாங்க வருகிறவர்களுக்காக. அதில் ஒருவரும் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. நாங்கள் ஆறு பெண்களும் அதைத் துடைத்து வைக்கிறோம், அவ்வளவுதான்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். அந்த ஆறு பேருக்கும் ஒரே அறை. நான் போனை எடுத்தால் மற்ற ஐந்து பேரும் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். அதோடு, இதில் வைத்திருப்பதைப் போனில் அனுப்ப முடியாது. உறையை உதறிப் பாருங்கள். பிளாஸ்டிக் தாளுக்குள் நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும். நான் விற்கும் செண்ட் அதில்தான் இருக்கிறது. வருகிறவர்களுக்கு இப்படி ஒரு காகிதப் பட்டையில் அடித்துக் கொடுப்போம், முகர்ந்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள். பயப்படாதீர்கள், கீழே கிடந்ததைப் பொறுக்கி அனுப்பவில்லை. உங்களுக்கென்றே புதிதாக அடித்தது.

இதன் பெயரைச் சரியாக உச்சரிக்கவே அரை நாள் பயிற்சி கொடுத்தார்கள். வாய் வலிக்கிறது என்று நாங்கள் 'சீமாட்டி' என்று வைத்துக்கொண்டோம். ரோஜா, லில்லி, எங்கோ மலையில் பூக்கும் இன்னொரு வெள்ளைப்பூ எல்லாம் இருக்கிறதாம். விலையை எழுதமாட்டேன். எழுதினால் பட்டையைத் தொடவே மாட்டீர்கள்.

செண்டோடு எங்களுக்கு ஒரு அட்டையும் உண்டு. அதை மனப்பாடம் செய்து, வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். இதுதான் அது:

'இதை அணியும் பெண் எதற்கும் அவசரப்படுவதில்லை. அவள் வருவதற்கு முன்பே அவள் வருகை தெரிந்துவிடும். அவள் யாருக்கும் எந்த விளக்கமும் தர வேண்டியதில்லை. அவள் போன பின்பும் அந்த அறை அவளுடையதாகவே இருக்கும்.'

யார் அண்ணி இவள்? எந்த வீட்டில் இருக்கிறாள்? எந்த பஸ்ஸில் போகிறாள்? மேனேஜரிடம் கேட்டே விட்டேன். "கேக்குறவங்களுக்கு 'அட, இது நான்தானே'ன்னு தோணணும். உனக்கு என்ன தோணுதுன்னு இங்க யாரும் கேக்கல" என்றார்.

இந்த வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோது உங்கள் நல்ல சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனேன். திருப்பித் தரவில்லை. தரவும் மாட்டேன். அதற்கும், அதற்கு முன்னால் நீங்கள் எனக்குச் செய்த எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மூன்று வரி எழுதியதும் கூச்சமாகிவிட்டது, அடித்துவிட்டேன்.

பால் கெட்டிருக்கிறதா என்று காலையில் இப்போது யாரை எழுப்பிக் கேட்கிறீர்கள்? பாத்திரத்தை யாரும் என் மூக்குக்கு நேரே நீட்டாததால் இங்கே எனக்குச் சரியாகவே விடிவதில்லை.

நின்று நின்று கால் வீங்கிய,
சில்வண்டு


பிப்ரவரி 17

அன்புச் சில்வண்டுக்கு,

கடிதமும், அதன் வயிற்றில் இருந்த பட்டையும் பத்திரமாக வந்தன. நல்ல வாசனையடி. புதுத்துணிக் கட்டைப் பிரித்து உதறினால் வருமே, அந்த மாதிரி. மேலே கொஞ்சம் ரோஜா. தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன்.

பாலுக்கு மேல்வீட்டுத் தையல்காரி இருக்கிறாள். படிக்கட்டில் நின்று குரல் கொடுத்தால் இறங்கி வந்து முகர்ந்து சொல்வாள். அதற்குக் கூலியாகப் பாதி டீ. உனக்கு அதுகூடக் கொடுத்ததில்லை நான்.

உன் அட்டையை இரண்டு முறை படித்தேன். அவசரப்படாதவள் என்றால், காலை எட்டுக்குள் ஆபீஸ் கட்டிடத்தில் மூன்று மாடி துடைத்து முடிக்க வேண்டியவள் இல்லை. விளக்கம் தர வேண்டாதவள் என்றால், சாவிக்கொத்துக்குக் கீழே வேலை பார்க்கிறவள் இல்லை. நேற்று ஏழாம் மாடியில் டிஷ்யூ சீக்கிரம் தீர்ந்துபோனதற்கு அந்த மனுஷருக்கு இரண்டு தடவை விளக்கம் சொன்னேன். ஆனால் ஒன்று. அவர் வருவதற்கு முன்பே இடுப்புச் சாவிகள் வந்துவிடுகின்றன. உன் அட்டைப்படி பார்த்தால் எங்கள் சூப்பர்வைசர் சாவிக்கொத்தும் ஒரு சீமாட்டிதான்.

கடைசி வரி எனக்கும் பொருந்தும். நான் துடைத்துவிட்டுப் போன அறை, பினாயில் காயும்வரை என்னுடையதுதான்.

கால் வீக்கத்துக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வை. நன்றி கின்றி என்று எழுதி மையை வீணாக்காதே. உன் அண்ணன் விட்டுவிட்டுப் போனது என்னை. உன்னை நான் எதற்கு விட வேண்டும்? கணக்கு அவ்வளவுதான்.

இப்படிக்கு,
அண்ணி


ஆகஸ்ட் 28

அன்புள்ள அண்ணிக்கு,

இதில் வைத்திருப்பது ஏழாவது பட்டை. போன பட்டை 'இஸ்திரி போட்ட பட்டு மாதிரி' இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கவுண்டர் பெண்களிடம் படித்துக் காட்டினேன். "உங்க அண்ணிய இங்க கூட்டிட்டு வாடி, அட்டை எழுதுறவன வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்கிறார்கள்.

ஸ்டூலில் ஒருவர் உட்கார்ந்துவிட்டார். சொல்கிறேன்.

போன வாரம் ஒரு அம்மாள் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தோளில் ஆபீஸ் பை, கையில் மடித்த குடை. சீமாட்டியைக் காட்டச் சொன்னார். நான் அட்டையை ஒப்பித்தேன். அவசரப்படுவதில்லை, விளக்கம் தர வேண்டியதில்லை, எல்லாம். கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் ஒரு பொண்ணுக்கு இதத்தான் வாங்கிக் கொடுத்திருக்காரு. பில்லு பையில இருந்துச்சு. அவ எப்படிப்பட்டவளா இருப்பான்னு பாக்கலாம்னு வந்தேன். இப்பத் தெரிஞ்சுபோச்சு."

அட்டையில் இதற்குப் பதில் கிடையாது. அவர் பாட்டிலைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டே இருந்தார். நான் கவுண்டரைவிட்டு வெளியே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். நான் பக்கத்தில் சும்மா நின்றேன். எதுவும் வாங்காமல் போய்விட்டார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "அரை மணி நேரம் ஒரு சேலும் இல்லாம நின்னுருக்க" என்றார்.

அன்றே இன்னொரு கூத்து. வருகிறவர்கள் முகர்ந்து பார்க்க வைத்திருக்கும் டெஸ்டர் பாட்டிலில் கடைசி விரல் அளவு வந்ததும், மேனேஜர் முன்னால் அதைக் கழுவுதொட்டியில் ஊற்றி, நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். வேலை செய்கிறவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாதாம். ஊற்றினேன். எங்கள் கடைச் சாக்கடை இரண்டு நாள் ரோஜாவும் லில்லியுமாக மணந்தது. எங்களுக்குக் கொடுக்க மனமில்லாததைச் சாக்கடைக்குக் கொடுக்க மனமிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு வேலையை விட்டுவிடுவேன் என்று பயப்பட வேண்டாம். அரையாண்டில் அதிகம் விற்றது உங்கள் சில்வண்டுதான்! பரிசு என்ன தெரியுமா, சீமாட்டியே. சுண்டுவிரல் அளவு குப்பி. நோட்டில் முறையாகக் கையெழுத்துப் போட்டு வாங்கியது. இத்தோடு அனுப்புகிறேன். அது உங்களுக்குத்தான். என் படிப்பும் வேலையும் உங்கள் முதுகின்மேல் நின்று எட்டிப் பறித்தவை. அடிக்காமல் எழுதிவிட்டேன் பாருங்கள்.

காலரில் நாலு துளி போதும். அதற்குமேல் போட்டால் ஊரைக் கூட்டிவிடும். போட்டுக்கொண்டு வேலைக்குப் போங்கள். யார் யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

பரிசு வாங்கிய,
சில்வண்டு


செப்டம்பர் 7

அன்புச் சில்வண்டுக்கு,

குப்பி உடையாமல் வந்தது. தையல்காரி பார்த்துவிட்டு, "இத்தனூண்டுக்கா இவ்வளவு துணி சுத்தி அனுப்பியிருக்கா, ஒரு பிளவுஸே தைச்சிடலாம்" என்றாள். நாளைக்குப் போட்டுக்கொண்டு போகிறேன். யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுகிறேன்.

அந்த அம்மாளுக்கு ஸ்டூல் போட்டாயே, அதற்கு நான் உன்னைப் பெறாததுதான் குறை.

அண்ணி


செப்டம்பர் 30

அண்ணி,

மூன்று வாரமாகிறது. ஒரு வரி இல்லை. போன் செய்தால் "நல்லா இருக்கேன், வேலையா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். பின்னால் தையல் மிஷின் சத்தம் கேட்கிறது, அதுவும் பகல் பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் நீங்கள் எட்டாம் மாடியில் அல்லவா இருக்க வேண்டும்? நான் எண்ணிப் பார்க்கத் தெரியாதவள் இல்லை. என்ன நடந்தது?

சில்வண்டு


அக்டோபர் 4

அன்புச் சில்வண்டுக்கு,

மறைத்ததற்குக் கோபப்படாதே. போனில் சொன்னால் நீ கத்துவாய், அறையில் ஐந்து பேர் கேட்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

உன் செண்டைப் போட்டுக்கொண்டு போன இரண்டாம் நாள், லிஃப்டில் சாவிக்கொத்து ஏறினார். மூக்கை உறிஞ்சினார். "என்ன வாசனை இது? ஒன்பதாம் மாடி மேடம் வாசனைல்ல?" என்றார். அங்கேயே என் பையைத் திறக்கச் சொன்னார். குப்பி கிடைத்தது.

"நாத்தனார் அனுப்பினது சார்" என்றேன்.

"உன் நாத்தனாருக்கு யாரு அனுப்பினா? மேடமா?" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். மிச்சமிருந்ததோடு குப்பியை லிஃப்ட் வாசல் குப்பைத்தொட்டியில் போட்டார். காலையில் நான் துடைத்து வைத்த தொட்டிதான்.

ஒன்பதாம் மாடி ஆபீசில் பெரிய அதிகாரி அந்த மேடம். அவர் எதுவும் காணோம் என்று சொல்லவில்லை. இவரே போய், "உங்க செண்ட் குறைஞ்சிருக்கா பாருங்க மேடம்" என்று கேட்டிருக்கிறார். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "குறைஞ்ச மாதிரிதான் இருக்கு" என்றாராம். தினமும் அடித்துக்கொண்டால் குறையத்தானே செய்யும்? அந்தப் பாட்டிலை நான்தான் தினமும் தூசி தட்டுகிறேன். சதுரமான அடிப்பாகம், நீல மூடி, கழுத்தில் வெள்ளி வளையம். ஒருநாள்கூட மூடியைத் திறந்ததில்லை.

விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்றார். யார் யாரை விசாரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. திருட்டு என்று ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் ஒப்பந்தக்காரர் வேறு எந்தக் கட்டிடத்திலும் விடமாட்டார். அது ஒன்றுதான் எனக்குப் பயம். இப்போதைக்குத் தையல்காரிக்குப் பட்டன் தைத்துக் கொடுக்கிறேன்.

நீ கிளம்பி வராதே. உன் வேலையும் போனால் இரண்டு பேரும் பட்டன்தான் தைக்க வேண்டும்.

அன்று போட்டிருந்த யூனிஃபார்ம் சட்டையை இன்னும் துவைக்கவில்லை. நீ கொடுத்ததில் மிச்சம் அதில்தான் இருக்கிறது. பாலிதீன் கவரில் கட்டி வைத்திருக்கிறேன்.

அண்ணி


அக்டோபர் 8

அண்ணி,

சட்டையைத் துவைக்காதீர்கள். கவரை அவிழ்க்காதீர்கள்.

உங்கள் கடிதத்தைக் கடையின் சரக்கு அறையில் வைத்துப் படித்தேன். கையில் இருந்த அட்டையைக் கிழித்துவிட்டேன். விளக்கம் தர வேண்டியதில்லையாம்! அதே செண்டை அந்த மேடம் போட்டால் அது அவருடைய குணம். நீங்கள் போட்டால் அது சாட்சி.

ஆனால் கேளுங்கள். சதுரமான அடிப்பாகம், நீல மூடி, வெள்ளி வளையம். அது சீமாட்டியே இல்லை! சீமாட்டியின் பாட்டில் உருண்டை, மூடி வெள்ளை. மேடத்துடையது எங்கள் எதிர்க் கவுண்டரில் விற்கும் வேறு கம்பெனிச் சரக்கு. அதுவும் பூ வாசனைதான், வேறு பூ. துணி வெளுப்பவருக்கு வெள்ளையில் எத்தனை வெள்ளை தெரியுமோ, அப்படி எனக்கு இப்போது தெரிகிறது. சாவிக்கொத்துக்கு நல்ல வாசனை எல்லாமே மேடம் வாசனை. அவ்வளவுதான் அவர் மூக்கு.

மேனேஜரிடம் நான் கையெழுத்துப் போட்ட நோட்டின் நகல் கேட்டேன். "உன் அண்ணி பிரச்சனைக்கெல்லாம் கம்பெனி நோட்டு வெளிய போகாது" என்றார். போகட்டும்.

இத்தோடு இரண்டு பட்டை அனுப்புகிறேன். ஒன்று சீமாட்டி, மற்றது நீல மூடி. சாவிக்கொத்திடம் போகாதீர்கள், நேரே மேடத்திடம் போங்கள். "இது என்னுடையது, என் சட்டையும் இதுவும் ஒன்று. அது உங்களுடையது" என்று நீங்களே பிரித்துக் கையில் கொடுங்கள். அவருக்கும் மூக்கு இருக்கும்தானே?

எது எது என்று பட்டையில் நான் எழுதவில்லை. எழுதினால் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறாள் என்பார்கள். உங்களுக்கு எதற்கு எழுதுவது? எட்டு மாதமாகத் தலையணைக்குள் வைத்திருக்கிறீர்கள், கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வீர்கள்.

தலையைக் குனியாமல் போங்கள்.

சில்வண்டு


அக்டோபர் 15

அன்புச் சில்வண்டுக்கு,

முதலில் நல்ல செய்தி. நாளையிலிருந்து வேலைக்குப் போகிறேன். திருட்டு என்று எங்கும் பெயர் ஏறவில்லை. மிச்சத்தை மெதுவாகப் படி. கோபம் வரும்போது தண்ணீர் குடி.

உன் பட்டைகள் வந்ததும் தையல்காரியிடம் நீட்டினேன். முகர்ந்து பார்த்து, எது சீமாட்டி என்று சொன்னாள். அதைப் பையின் வலதுபக்கம், மற்றதை இடதுபக்கம் வைத்து, சட்டைக் கவரையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவள் என்று வாசலில் காவல்காரர் பையை மேஜையில் கொட்டினார். பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அள்ளித் திரும்பப் போட்டார். எது வலது, எது இடது என்பது அதோடு போயிற்று.

மேடம் அறையில் சாவிக்கொத்தும் வந்து நின்றுகொண்டார். நான் கண்ணை மூடி ஒன்றை எடுத்து, "இது என்னோடது மேடம்" என்று கொடுத்தேன்.

மேடம் முகர்ந்தார். "இது நான் போடுறதாச்சே" என்றார்.

"பாத்தீங்களா மேடம், அவளே எடுத்துக் கொடுக்கிறா" என்றார் சாவிக்கொத்து.

அதற்குமேல் எனக்கு வேறு வழி இருக்கவில்லை. உன்னிடம் நாலு வருஷம் சொல்லாததை அந்த இரண்டு பேர் முன்னால் சொன்னேன். "எனக்கு எது எதுன்னு தெரியாது மேடம். எனக்கு வாசனையே தெரியாது."

ஆமாம். பட்டை, குப்பி எதுவும் எனக்கு மணந்ததில்லை. உன் கடைசிப் பரீட்சை வாரம், கீழ்த்தளத்து டாய்லெட் அடைத்துக்கொண்டது. ஆசிடையும் பிளீச்சிங்கையும் ஒன்றாக ஊற்றச் சொன்னார் சாவிக்கொத்து. "நாத்தம் லாபிக்கு வரக்கூடாது, கதவைச் சாத்திட்டுச் செய்" என்றார். சாத்திக்கொண்டு செய்தேன். மஞ்சளாக ஒரு புகை. மூன்று நாள் இருமினேன். நீ படித்துக்கொண்டிருந்தாய், சளி என்று சொன்னேன். இருமல் போயிற்று, வாசனை திரும்பி வரவில்லை. உனக்குத் தெரிந்தால் புத்தகத்தை மூடிவிட்டுச் சண்டைக்குக் கிளம்பியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

இதையும் அங்கேயே சொன்னேன். சாவிக்கொத்தைக் கைகாட்டித்தான் சொன்னேன். அவர் இடுப்புச் சாவிகள் சத்தமில்லாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மேடம் எழுந்தார். கவரை அவிழ்த்துக் காலரை முகர்ந்தார். மற்ற பட்டையை முகர்ந்தார். மேஜைமேல் இருந்த தன் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். "ரெண்டும் வேற" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வாசனை தெரியாதவங்க எதுக்கு செண்ட் போட்டீங்க?" என்றார்.

"கொடுத்தவ, யாரு என்ன சொன்னாங்கன்னு எழுதச் சொல்லியிருந்தா மேடம்" என்றேன்.

அதுதான் உண்மை. முதல் நாள் நீ சொன்னபடி நாலு துளிதான் போட்டேன். எனக்குத் தெரியாவிட்டாலும் யார் முகத்தையாவது பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். மூன்று மாடி நடந்தேன். துடைப்பவள் வந்தால் யாரும் நிமிர்வதில்லையடி, காலைத்தான் தூக்குகிறார்கள். உனக்கு எழுத ஒன்றுமில்லையே என்று மறுநாள் பாதிக் குப்பியைக் கவிழ்த்துக்கொண்டேன்.

மேடம் மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்பாய். இல்லை. "நாளைலேருந்து வரச் சொல்லுங்க. டியூட்டில செண்ட் வேண்டாம்" என்றார். அவ்வளவுதான்.

புதுத்துணி, இஸ்திரிப் பட்டு எல்லாம் தையல்காரி சொன்னவை. அவளுக்கு உலகமே துணி. போன மாதப் பட்டைக்கு 'நல்ல லைனிங் துணி' என்றாள், எழுதப் பயந்து விட்டுவிட்டேன். பொய் எழுதியதற்கு மன்னித்துக்கொள். ஆனால் உன் பட்டைகள் வந்ததில் சந்தோஷப்பட்டது பொய்யில்லை. மாதம் ஒருநாள் அங்கே ஒருத்தி என்னை நினைத்து விரலால் அழுத்துகிறாள் என்பது எனக்குத் தெரியுமே, அதற்கு மூக்கு எதற்கு?

ஒன்று மட்டும் செய். அது எப்படித்தான் இருக்கும் என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

அண்ணி


அக்டோபர் 22

அன்புள்ள அண்ணிக்கு,

தண்ணீர் குடித்தேன். இரண்டு சொம்பு. பயனில்லை.

பால் பாத்திரத்தை என் மூக்குக்கு நேரே நீட்டுவீர்களே, நான் போர்வையை இழுத்துக்கொண்டு, "உங்களுக்கு மூக்கு இல்லையா அண்ணி?" என்பேன். ஒரு நாள் இல்லை, எத்தனையோ நாள். நீங்கள் சிரித்தீர்கள். நான் வாசனை விற்றுப் பரிசு வாங்கி, அதை உங்களுக்கே அனுப்பி, நாலு துளி என்று பாடம் வேறு எடுத்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டால் மையை வீணாக்காதே என்பீர்கள். அதனால் கேட்கவில்லை. ஆனால் நன்றியை இந்த முறை அடிக்கமாட்டேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் போன மறுநாள், என் பள்ளிப் பையில் எப்போதும்போல டப்பா இருந்தது. முட்டை, ரொட்டி. அன்றைக்கு நீங்கள் என்னை என் பெரியப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தால் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த டப்பாவுக்கு நன்றி. நீங்கள் உறிஞ்சிய புகைக்கு நன்றி சொல்லமாட்டேன். அதற்குச் சொல்ல வேண்டியது வேறு, சொல்ல வேண்டியவரும் வேறு. கூட வேலை செய்கிற பெண்களிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். நாளை இன்னொருத்தி கதவைச் சாத்திக்கொள்ளக் கூடாது.

இனி நீங்கள் கேட்டது. சீமாட்டி மூன்று முறை மாறும்.

அடித்ததும் வருவது ரோஜா. நீங்கள் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்து முடித்து விலகும்போது, கண்ணாடி இருப்பதே தெரியாமல் போகுமே, அந்த நொடி மாதிரி இருக்கும். சற்றுப் பொறுத்து லில்லி. வேலை முடிந்து கையுறையைக் கழற்றினால் விரலிடுக்கில் காற்றுப் படுமே, அப்படி. மற்றதெல்லாம் போன பிறகு, அந்த மலைப்பூ மட்டும் தோலோடு நிற்கும். பரீட்சைக்குக் கிளம்பும்போது என் பின்கழுத்தில் கை வைப்பீர்கள். ஈரக் கை. முதலில் சில்லென்று இருக்கும், அப்புறம் சூடு வரும். அதுதான். வேறு மாதிரி எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு சேதி. ஸ்டூல் அம்மாள் திரும்பி வந்தார். அதே குடை. நான் அட்டையைத் தொடங்கினேன். "அதெல்லாம் வேணாம்மா. நான் எப்படிப்பட்டவன்னு எனக்குத் தெரியும். பாட்டிலக் கொடு" என்றார். தனக்கே வாங்கினார். பாட்டிலோடு இலவசமாக வரும் குப்பியை என் கையில் வைத்து, "அன்னிக்கு உக்கார வெச்சதுக்கு" என்றார். பில்லின் பின்னால் 'நான் கொடுத்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். விநோதமாகப் பார்த்தார், ஆனால் போட்டார். குப்பியும் பில்லும் உள்ளே இருக்கின்றன. இனி யாராவது பையைத் திறந்தால் முதலில் பில்லைக் காட்டுங்கள்.

கிழித்த அட்டைக்குப் பதில் ஒன்று எழுதி என் கவுண்டர் இழுப்பறையில் ஒட்டியிருக்கிறேன். மேனேஜர் பார்த்தால் தொலைந்தேன்.

'இதை அணியும் பெண்ணுக்கு நேரமில்லை, இன்னும் இரண்டு மாடி இருக்கிறது. அவள் வந்து போனது தரையைப் பார்த்தால் தெரியும். யாரோ விட்டுவிட்டுப் போனதை அவள் விட்டுவிட்டுப் போக மாட்டாள். அவளுக்கு விளக்கம் தர வேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.'

இந்த முறையும் காலரில் நாலு துளிதான்.

உங்கள்,
சில்வண்டு


நவம்பர் 5

அன்புச் சில்வண்டுக்கு,

உன் கடிதத்தை எங்கள் உடை மாற்றும் அறையில் படித்துக் காட்டினேன். ரோஜாவிலிருந்து தொடங்கி அட்டைவரை. அந்தப் புகையைப் பற்றியும் சொன்னேன். ஒன்பது பேர் கேட்டோம். இரண்டு பேர் தங்களுக்கும் வாசனை போய்விட்டது என்றார்கள், ஒருத்திக்குக் கொஞ்சம், இன்னொருத்திக்கு முழுக்க. இத்தனை வருஷம் ஒரே அறையில் சட்டை மாற்றிக்கொண்டும் ஒருவருக்கொருவர் தெரியவில்லை பார். திங்கட்கிழமை ஒன்பது பேரும் சேர்ந்து சாவிக்கொத்திடம் போய், "ரெண்டையும் ஒண்ணா ஊத்த மாட்டோம் சார். ஊத்தணும்னா நீங்களே வந்து கதவைச் சாத்திட்டு ஊத்துங்க" என்றோம். முகமூடி வந்திருக்கிறது. கீழ்த்தளத்தில் காற்றாடி போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். போடும்வரை அங்கே இறங்கமாட்டோம்.

டியூட்டியில் செண்ட் வேண்டாம் என்றார்களே, அதனால் ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொண்டேன். உன் பின்கழுத்து நினைவு வந்து, இரண்டு துளியைக் காலரிலும் இரண்டைக் கழுத்திலும் வைத்தேன். எங்கும் போக வேண்டிய வேலை இல்லை. சும்மா பஸ் ஏறினேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன், சில்வண்டு. கடைசி நிறுத்தம்வரை உட்கார்ந்துகொண்டே போனேன்.

பாதி வழியில் ஒரு பெண் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நர்ஸ் உடுப்பு. முழு டியூட்டி பார்த்து முடித்த முகம், கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்ககிட்டேருந்தாக்கா வருது? என்ன செண்ட் இது?"

"சீமாட்டி" என்றேன்.

"என்னமோ பண்ணுதுக்கா. யாரோ கழுத்துல கை வெச்ச மாதிரி இருக்கு" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்குத் தெரிந்தது. நீ எழுதியிருந்த மூன்றும், அதே வரிசையில்.

யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டிருந்தாயே. எழுதிவிட்டேன்.

அண்ணி